கணக்குப்படி மூன்று நாள்

குடியாத்தத்தில் ஆதிகேசவ முதலியார் வீட்டுப் பெண்கள் வைத்தியரைத் தேடி வெளியே போனதில்லை. தலைவலியானாலும் பிரசவமானாலும் வீட்டுக்குள் வந்ததை வீட்டுக்குள்ளேயே பார்த்து அனுப்புவதுதான் அங்கே மூன்று தலைமுறையாக நடந்தது. அப்படிப்பட்ட வீட்டின் எஜமானி ரங்கம்மாள், ஸ்ரீமுக வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, கடைத்தெருவில் லேடி டாக்டரின் பெஞ்சியில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்திருந்தாள். உடம்பு எரிந்ததைக் காட்டிலும் அந்த இருப்புதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

முதலியாரேதான் அனுப்பிவைத்தார். பிள்ளையார் சதுர்த்தியன்று பூஜை நடக்கும்போது, தட்டில் கற்பூரம் எரிய, உறவுக்காரர்கள் கைகூப்பி நிற்க, ரங்கம்மாள் திடீரென்று முகமெல்லாம் சிவந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, கட்டியிருந்த பட்டுப்புடவையோடு இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். பார்த்தவர்கள் பதினைந்து பேர். முப்பது தறி ஓடும் வீடு. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கைலி போகிற வீடு. அந்த வீட்டு அம்மாளுக்குப் பித்து என்று தெருவில் ஒரு வார்த்தை கிளம்பினால் அது அடங்க எத்தனை வருஷமாகும்! "போய்க் காட்டிக்கினு வா" என்றார் முதலியார். துணைக்குத் தம் அக்கா கமலவேணியையும் கூட அனுப்பினார்.

கமலவேணி சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் உப்பு முதல் ஊறுகாய் வரை எது எங்கே இருக்கிறது, யார் எப்போது தும்மினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

லேடி டாக்டர் மரியம்மாள் தானியேலுக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. சென்னையில் படித்தவள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

ரங்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் கமலவேணி ஆரம்பித்துவிட்டாள்.

"ஒடம்பு தணலாட்டம் கொதிக்குதுங்க டாக்டரம்மா. சும்மா உக்காந்துனு இருக்கறப்பவே மூஞ்சி செவந்து பூடுது. ராத்திரியில வேர்த்துக் கொட்டி, படுத்த பாய் நனைஞ்சி பூடுது. தூக்கம் சுத்தமா கெடையாது. கோவம் வேற ஜாஸ்தி. போன வாரம் ஒரு தறிக்காரன தொடப்பத்தோட வெரட்டுனா."

"தொடப்பம் இல்ல," என்றாள் ரங்கம்மாள். "வாயாலதான்."

"பாத்தீங்களா, எப்பிடி வெடுக்குனு பேசறா!"

டாக்டரம்மா காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள். "இருமல் உண்டா?"

"இருக்குதுங்க."

"அது பஞ்சுத் தூசி," என்றாள் ரங்கம்மாள். "நூல் சுத்தற வீட்ல யாருக்குத்தான் இருமல் இல்ல? இவங்களும் இருமறாங்க."

"எனக்கு வயசாச்சு, இருமறேன். உனக்கு இன்னா? ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சுங்க டாக்டரம்மா. எளைச்சுப் பூட்டா."

டாக்டரம்மாவின் பேனா ஓடியது. தலையைத் தூக்காமலே அடுத்த கேள்வி வந்தது. "மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

ரங்கம்மாள் நிமிர்ந்தாள். வைத்தியசாலைக்குக் கிளம்பியதிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. அதற்காக ஒரு பதிலை யோசித்தும் வைத்திருந்தாள். தனியாக இரண்டு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்பதாக இருந்தாள். ஆனால் கேள்வி அவளைப் பார்த்துக் கேட்கப்படவில்லை. காகிதத்தைப் பார்த்துக் கேட்கப்பட்டது. காகிதத்துக்குப் பதில் சொல்லக் கமலவேணி தயாராக இருந்தாள்.

"அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க. ஒரு நாள் முன்ன பின்ன ஆவாது. நான்தானே கொட்டகையில சோறு வெக்கிறேன்! போன வெள்ளிக்கெழமதான் தலைக்கு ஊத்திக்கினு உள்ள வந்தா."

"அப்ப அது இல்ல," என்று டாக்டரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு வரியை அடித்தாள்.

அந்தப் பேனாக் கோடு தன் கழுத்தின் குறுக்கே விழுந்ததுபோல் ரங்கம்மாளுக்கு இருந்தது.

ஏனென்றால் அது நின்று ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கார்த்திகையோடு சரி. மார்கழியில் நாள் தள்ளிப்போனபோது அவள் முதலில் பிள்ளை என்று எண்ணினாள். நாற்பத்தைந்து வயதில் சாமி கண் திறந்தார் என்றுகூட ஒரு வாரம் நம்பினாள். பிறகு அந்தச் சூடு ஆரம்பித்தது. காது மடலில் தொடங்கி நெஞ்சு வரை இறங்கி, தண்ணீராய் வழிந்து, ஒரு நொடியில் குளிர விட்டுப் போகும் சூடு. அப்போது அவளுக்கு விளங்கிவிட்டது.

விளங்கியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவள் பெற்றவை இரண்டும் பெண்கள். ஒருத்தி சத்துவாச்சாரியில் வாழ்கிறாள், ஒருத்தி ஜோலார்பேட்டையில் ரெயில்வேக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். முப்பது தறிக்கு ஆண் வாரிசு இல்லை. இரண்டாந்தாரம் என்ற பேச்சைக் கமலவேணி பத்து வருஷமாகக் கையில் வைத்திருந்தாள். அணைக்கட்டில் அவள் புகுந்த வீட்டு வகையில் வேலாயுதம் என்பவருக்கு ஒரு பெண் இருந்தாள். முதலியார் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்லித் தட்டிவிட்டார்: "அவளுக்கு இன்னும் காலம் இருக்குது, பாக்கலாம்."

அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்தால்? இருபத்தெட்டு வருஷம் அவள் கட்டி ஆண்ட வீட்டில் இன்னொருத்தி வந்து அடுப்பு மூட்டுவாள். தெருவுக்கு வேடிக்கை. சம்பந்தி வீடுகளில் இரண்டு பெண்களும் தலை குனிய வேண்டும். அப்படி ஒரு சிரிப்புக்கு அந்த வீட்டை ஆளாக்க ரங்கம்மாள் தயாராக இல்லை.

ஆகவே மார்கழி முதல் அவள் நாட்காட்டியைப் பார்த்து நாள் எண்ணி ஒதுங்கினாள். புறக்கடைக் கொட்டகையில் கணக்குப்படி மூன்று நாள். தனிப் பாய், தனிச் செம்பு, தூரத்தில் வைக்கப்படும் சோறு. துணியைத் தானே அலசிக் கொடியில் போட்டாள். நூலுக்குச் சிவப்பு ஏற்றுகிற சாயத் தொட்டி அந்தக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருந்தது; அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பங்குனியில் கொட்டகை ஓட்டுச்சூட்டில் வெந்தாள். ஆடிக் கிருத்திகையன்று கணக்கு சரியாக வந்து நின்றபோது, ஒரு நாள் தள்ளினால் நாத்தனாருக்குச் சந்தேகம் வரும் என்று அன்றைக்கும் ஒதுங்கினாள். வீட்டில் எல்லாரும் காவடி பார்க்கப் போக, அவள் சுத்தமான உடம்போடு சாமியை விட்டு விலகிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை கஷ்டப்பட்டு எழுப்பிய பொய் இப்போது டாக்டரம்மாவின் காகிதத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

டாக்டரம்மா குழாயை முதுகில் வைத்துக் கேட்டாள். கண்ணை இழுத்துப் பார்த்தாள். ஜுரக் குச்சியை நாக்கடியில் வைத்து எடுத்தாள். "ஜுரம் இல்ல. ஆனா ராத்திரி வேர்வை, இருமல், இளைப்பு மூணும் சேர்ந்து வந்தா எனக்குப் பிடிக்கல. சளி எடுத்து வேலூருக்கு அனுப்பிப் பார்க்கணும். அதுவரைக்கும் தட்டு, டம்ளர் தனியா இருக்கட்டும். தேவைப்பட்டா சானடோரியத்துக்குக் கடிதம் தர்றேன்."

கமலவேணி எழுந்தே நின்றுவிட்டாள். "காசமா?"

"அப்படின்னு நான் சொல்லல. இல்லைன்னும் இப்ப சொல்ல முடியாது."

ரங்கம்மாள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பார்வை தன்மேல் விழுந்தால் போதும், எப்படியாவது சொல்லிவிடலாம் என்று இருந்தது. டாக்டரம்மா அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

*

வீட்டுக்கு வந்த அரை மணியில் ரங்கம்மாளின் டம்ளர் கழுத்தில் ஒரு கறுப்பு நூல் கட்டப்பட்டது. தட்டு வேறு, செம்பு வேறு, பாய் வேறு. மாதத்தில் மூன்று நாள் அனுபவித்த ஒதுக்கம் இப்போது முப்பது நாளும் வந்துவிட்டது. அடுப்படிக்குள் கால் வைக்கக்கூடாது என்று கமலவேணி வாசற்படியில் நின்றே சொன்னாள். தறிக்காரர்கள் கூலி வாங்க வந்தால் அவளைக் கண்டு பத்தடி தள்ளி நின்றார்கள்.

சளி எடுப்பது பெரிய கூத்தாக இருந்தது. வராத சளியை எங்கிருந்து எடுப்பது? கமலவேணி ஒரு சின்னச் சீசாவைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் தன் மூக்கை மூடிக்கொண்டு எட்டி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் காறு."

"வரல அண்ணி."

"வராம எங்க பூடும்? மனசு வெச்சு இருமு."

"மனசு வெச்சா பிள்ளையே வரல, சளி எங்க வரும்?" என்று ரங்கம்மாளின் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல வேளையாகக் கமலவேணி சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து வேலூரிலிருந்து சீட்டு வந்தது. ஒன்றும் தெரியவில்லை, மறுபடி அனுப்பவும் என்று எழுதியிருந்தது. மறுபடி அனுப்பினார்கள். மறுபடி அதே சீட்டு வந்தது. ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கமலவேணி தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டாள். "டாக்டருங்களுக்கே புடிபடாத சீக்கு" என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னது, சுவர் தாண்டி ரங்கம்மாளுக்கே கேட்டது.

ஒரு சாயங்காலம் முதலியார் கூடத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"டாக்டரம்மா கடுதாசி குடுத்தா சானடோரியம் போய்ட்டு வந்துடு. ஆறு மாசமோ ஒரு வருஷமோ, ஒடம்புதான் முக்கியம்."

"வீடு?"

"அக்கா பாத்துக்குவா." எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஒத்தாசைக்கு யாரயாவது ஏற்பாடு பண்ணிக்கலாம்னு சொல்றா" என்றார்.

யாரை என்று ரங்கம்மாள் கேட்கவில்லை. அவள் எதைத் தடுக்க ஒன்பது மாதம் கொட்டகையில் படுத்தாளோ அது, அவள் படுத்ததாலேயே, இரட்டை வேகத்தில் வந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் காலம் போனவள். சொல்லாவிட்டால் காசக்காரி. இரண்டு வழியும் அணைக்கட்டுக்கே போய்ச் சேர்ந்தன. அந்த யோசனையில் இருக்கும்போதே சூடு கிளம்பிக் காதை எரித்தது. கையில் இருந்த விசிறியை முறித்து மூலையில் எறிந்தாள். பிறகு முறிந்த விசிறியை எடுத்து அதனாலேயே விசிறிக்கொண்டாள். வேறு விசிறி அடுப்படியில் இருந்தது.

*

பின்சந்து வழியாக அடுத்த தெருவில் ரஃபி அகமது சாயபுவின் வீடு. பேரணாம்பட்டில் தோல் மண்டி வைத்திருக்கிறவர். அவருடைய பீவி முனவ்வர் பேகம் வருஷத்துக்கு நாலு தடவை முதலியார் வீட்டுக் கைலி எடுப்பாள். இருபது வருஷப் பழக்கம். தெருவே விலகிப் போன அந்த நாட்களில் அவள் மட்டும் பின்வாசலால் வந்து, ரங்கம்மாளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

"தள்ளி உக்காருங்க பேகம்மா. எனக்கு காசமாம்."

"எந்த நாய் சொன்னது?" பேகம் அவள் முகத்தையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ரங்கம்மாளுக்கு முகம் சிவந்து, மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாகக் கட்டியது. பேகம் வெற்றிலையைக் கீழே வைத்தாள். "அடி பாவி! எனக்கு மூணு வருஷமா இதே பேஜார்தானே. குளிர் காலத்துல கூட ஜன்னல தொறந்து வெச்சு எங்க ஊட்டுக்காரர நடுங்க வெக்கிறேன். உனக்கு நின்னு பூடுச்சா?"

ஒன்பது மாதத்தில் அந்தக் கேள்வியை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் முனவ்வர் பேகம்தான். ரங்கம்மாள் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டகை, நாட்காட்டி, சாயத் தொட்டி, டாக்டரம்மா அடித்த கோடு.

பேகம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "எங்க வீட்ல மறைக்கவே முடியாது. தூரமான நாள்ல நோன்பு கெடையாது. ரம்ஜான்ல முப்பது நோன்பும் முழுசா வெச்சா நின்னு பூடுச்சுன்னு மருமவளுங்க வரைக்கும் தெரிஞ்சி பூடும். ஒருத்தியும் இன்னா ஏதுன்னு கேக்கல. நீ ஏன் இப்பிடி ஒடம்ப வதைச்சிக்கிறே?" என்றாள்.

"உங்க வீடு வேற பேகம்மா."

"எந்த வீடும் வேற இல்ல. என் வீட்டுக்காரருக்குந்தான் ரெண்டாவது கட்டிக்க ஆளு ஆளா புத்தி சொன்னாங்க. நான் நேரா கேட்டேன். கட்டிக்கிறதுன்னா இப்பவே சொல்லுங்க, நான் எங்கண்ணன் வூட்டுக்கு வண்டி கட்டறேன்னு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல." பேகம் எழுந்தாள். "வியாழக்கெழம எங்க வண்டி டாக்டரம்மாகிட்ட போவுது. மூடு வண்டி. உள்ள யாருன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பின்சந்துல வந்து நில்லு."

*

வியாழக்கிழமை. நாட்காட்டிப்படி அது ரங்கம்மாள் பத்தாம் தடவையாக ஒதுங்க வேண்டிய நாள். கமலவேணி ஈசுவரன் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் பின்வாசலால் இறங்கிப் பேகத்தின் வண்டியில் ஏறினாள். திரையை நன்றாக இழுத்து விட்டார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு எதிரே வந்த வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, கடைத்தெருவை அடைய அரை மணி ஆயிற்று. முதலியார் வீட்டு மருமகள் திருடியைப்போலப் போகிறாளே என்று வழி முழுக்க அவளுக்கு மனசு குத்தியது.

பேகம் தன் முறையை அவளுக்கு விட்டுக் கொடுத்தாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அந்தத் தறிக்கார வீட்டம்மா இல்ல? முந்தாநாள்தான் உங்க நாத்தனார் வந்து சானடோரியக் கடிதம் கேட்டுட்டுப் போனாங்க. எழுதி வச்சிருக்கேன்." இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

ரங்கம்மாள் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. "நான் பேசணும்."

"பேசுங்க."

அறையில் நர்ஸ் சவுரியம்மாள் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். ரங்கம்மாள் அவளைப் பார்த்தாள்.

"சவுரியம்மாள் இருந்தா என்ன? அவளும் பொம்பளைதானே?"

"எனக்கு சொல்ல வராது."

"வெளியில பன்னெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா."

"இருக்கட்டும். அன்னிக்கு நான் பெஞ்சியில ரெண்டு மணி நேரம் இருந்தேன். எங்கிட்ட நீங்க ஒரு வார்த்த கேக்கல."

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. பேனாவை மூடி வைத்தாள். சவுரியம்மாளைப் பார்த்துத் தலையசைக்க, அவள் பஞ்சுக் கூடையோடு வெளியே போனாள்.

கதவு சாத்தியதும் ரங்கம்மாளுக்கு வந்த வார்த்தையும் போய்விட்டது. சுவரில் தொங்கிய ஏசுநாதர் படத்தைப் பார்த்தாள். தன் கை வளையல்களை எண்ணினாள். எங்கே தொடங்குவது? இந்தப் பேச்சை அவள் தாயிடம்கூட வாய்விட்டுப் பேசியதில்லை. "தூரம்" என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிற விஷயம் அது. அதற்கு மேல் அவளிடம் வார்த்தைகள் இல்லை.

"தூரம் இல்ல," என்றாள் கடைசியில். "கார்த்திகையோட சரி. நாத்தனார் சொன்னது பொய். அவங்களுக்கு அது பொய்னு தெரியாது. நான் சும்மா ஒதுங்கறேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. ஒண்ணும் இல்லாம கொட்டகையில போய் மூணு நாள் உக்காந்துக்கறேன். மாசா மாசம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "ஒன்பது மாசமாவா?" நாற்காலியில் சாய்ந்து, கொஞ்சம் கோபத்தோடே, "ஏம்மா, நான் அன்னிக்கே அதைத்தானே கேட்டேன்? அதை வச்சுத்தானே மத்த எல்லாத்தையும் முடிவு பண்ணேன்? ரெண்டு தடவை சளி அனுப்பி, மண்டையை உடைச்சுக்கிட்டு... நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கல. அவங்களைக் கேட்டீங்க."

டாக்டரம்மா பழைய காகிதத்தை எடுத்து, அடித்த வரியைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக ஒவ்வொரு கேள்வியையும் ரங்கம்மாளின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். சூடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, நெஞ்சு படபடக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா. அழுகையைப் பற்றிக் கேட்டபோது ரங்கம்மாள், "அழுவ மாட்டேன்" என்று வெடுக்கென்று சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "கோவம்தான் வருது. அது அழுவறதுக்கு பதிலா வர்றது போல" என்றாள்.

"இது காசம் இல்ல. நோயே இல்ல. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

"எத்தனை நாளைக்கு?"

"சொல்ல முடியாது. சிலருக்கு ஆறு மாசம், சிலருக்கு நாலஞ்சு வருஷம்."

"மருந்து?"

"தூக்கம் வர்றதுக்கு ஒரு மிக்ஸ்சர் தர்றேன். காரம், காப்பி கம்மி பண்ணுங்க. சூட்டுக்குத் தனியா மருந்து கிடையாது."

"இம்மாம் பெரிய படிப்பு படிச்சிட்டு இதுக்கு மருந்து இல்லியா?"

"இல்ல," என்றாள் டாக்டரம்மா. அதைச் சொல்ல அவளுக்கும் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

ரங்கம்மாளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை வெட்கத்தை விட்டு வாங்கிக்கொண்டு போவது ஒரு தூக்க மருந்து! மேசைமேல் கிடந்த சானடோரியக் கடிதத்தைக் காட்டினாள். "அத கிழிச்சிடுங்க. காசம் இல்லன்னு உங்க கையால எழுதி முத்திரை போட்டுக் குடுங்க."

"எழுதறேன். இல்லைன்னா வேற என்னன்னு வீட்ல கேப்பாங்களே. அதையும் எழுதட்டுமா?"

ரங்கம்மாள் எழுந்து முந்தானையைத் தோளில் இழுத்துச் சொருகினாள்.

"வேணாம். எங்க வீட்டு விஷயம் காயிதத்துல ஏறி வரக் கூடாது. நானே சொல்லிக்கறேன்."

*

போனது பின்சந்து வழி. வந்தது முன்வாசல் வழி. பேகத்தின் வண்டி முதலியார் வீட்டு வாசலிலேயே நின்றது. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் பார்க்க, ரங்கம்மாள் இறங்கினாள். நேரே அடுப்படிக்குப் போனாள். முதலியார் கூடத்தில் இலைக்கு முன் உட்கார்ந்திருந்தார். கமலவேணி சோற்றுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றாள்.

"ஏம்மா ரங்கம்மா, எங்க போய்ட்டே? அய்யோ, உள்ள வராதே! இன்னிக்கு உன் நாளாச்சே, ஞாபகம் இல்லியா? காசத்தோட இது வேற. கொட்டகைக்குப் போ."

ரங்கம்மாள் குண்டானை அவள் கையிலிருந்து வாங்கினாள். கூடத்துக்குக் கொண்டுபோய் முதலியார் இலையில் பரிமாறினாள். கமலவேணி கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

"எனக்கு நாளும் இல்ல, காசமும் இல்ல," என்று ரங்கம்மாள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். டாக்டரம்மாவின் சீட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "கார்த்திகையோட நின்னு போச்சு. அதனால வர்ற சூடுதான் இது. சீக்கு இல்ல. உங்களுக்கும் அண்ணிக்கும் தெரிய வேணாம்னு மாசா மாசம் பொய்யா ஒதுங்குனேன். அது என் தப்பு. இனிமே எனக்குப் பிள்ளை பொறக்காது. அதுக்காக இன்னொருத்தி வரணும்னா அத இப்ப, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அவளுக்கு நானே ஆரத்தி எடுத்துட்டு, ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறிடறேன். ஒளிஞ்சி மறைஞ்சி ஒண்ணும் வேணாம். அது நம்ம வீட்டுக்கு அழகு இல்ல."

ஒரு ஆண்பிள்ளையிடம், அதுவும் சாப்பாட்டு இலைக்கு முன், இப்படிப் பேசிய பெண் அந்த வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. முதலியாரின் காது சிவந்தது. அவர் சீட்டை எடுத்துப் படித்தார். இரண்டாந்தடவையும் படித்தார்.

"ஒன்பது மாசமா?" என்றார். "மார்கழிப் பனி, பங்குனி வெயிலு... அந்தக் கொட்டகையிலயா?"

"ஆமாம்."

"கிறுக்கு."

அதைத் திட்டாகச் சொன்னாரா வேறு எப்படியாவது சொன்னாரா என்று ரங்கம்மாளுக்குப் புரியவில்லை. கமலவேணிக்கு அவகாசம் கிடைத்துவிட்டது.

"நான் அப்பவே சொல்லல தம்பி? நின்னு போனது நின்னு போனதுதானே? இப்ப இன்னும் நல்லதாப் போச்சு, மனசு கஷ்டம் இல்லாம செய்யலாம். காலையிலயே அணைக்கட்டுக்கு ஆள் அனுப்பிட்டேன். ஞாயித்துக்கெழம வேலாயுதம் பேச வர்றான்."

முதலியாரின் கை சோற்றில் நின்றது. "யாரக் கேட்டு அனுப்பினே?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"யாரக் கேட்டு அனுப்பினே அக்கா? என் வீட்ல, எனக்குத் தெரியாம, நான் பொண்ணு கேக்கறதா இன்னொரு ஊர்க்காரங்கிட்ட ஆள் போவுதா?" அவர் குரல் தறிக்கொட்டகை வரை கேட்டது, அங்கே தறிச் சத்தம் ஒன்றொன்றாக நின்றது. "இவ ஒன்பது மாசம் எனக்குத் தெரியாம ஒரு கூத்து. நீ ஒரு கூத்து. இந்த வீட்டுக்கு எசமான் யாருன்னு நான் ஊர்ல போய்க் கேட்டுக்கினு வரணுமா?"

"தம்பி..."

"மத்தியான வண்டிக்கே இன்னொரு ஆள அனுப்பு. வேலாயுதம் வர வேணாம்னு சொல்லச் சொல்லு. யாரும் வர வேணாம்."

கமலவேணி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு புறக்கடைப் பக்கம் போனாள். முதலியார் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை, ரங்கம்மாளையும் பார்க்கவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை, கஷ்டப்பட்டாயே என்று ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவர் சோற்றைக் குழி பறித்துக்கொண்டு, "ரசம்" என்றார்.

ரங்கம்மாள் ரசச் சொம்பை எடுத்தாள். குனிந்து ஊற்றும்போது அந்தச் சூடு மறுபடி கிளம்பியது. காது எரிந்தது, கழுத்து எரிந்தது, நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு இறங்கியது. சொம்பைக் கீழே வைத்தாள். புருஷனுக்கு எதிரிலேயே, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், முந்தானையால் முகத்தையும் கழுத்தையும் அழுத்தித் துடைத்தாள்.

"எவ்வளவு நாளாம் இது?" என்று இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார் முதலியார்.

"தெரியாதாம். மருந்தும் இல்லியாம்."

"பெரிய டாக்டரு!" என்றார் அவர்.

"ஆமாம்," என்று ரங்கம்மாள் சொம்பை எடுத்து மறுபடி ரசத்தை ஊற்றினாள்.